வால் உடைந்த மீன்

பக்கிரிசாமி கைக்குட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்ததும் மாசிலாமணி அதைப் புரட்டித்தான் போட்டார். யார் எதைக் கொண்டுவந்தாலும் அவருக்கு முதலில் முதுகைப் பார்க்க வேண்டும். குங்குமச் சிமிழோ, கூஜாவோ, பன்னீர்ச் செம்போ, முன்பக்கத்துப் பூவேலையும் கிளிவேலையும் வாங்க வருகிறவனை மயக்கச் செய்தது. செய்தவன் தன்னை யாரென்று சொல்லிக்கொள்வது முதுகில்தான், அரிசி அளவில் ஒரு முத்திரையாக. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவர் என்பதால் சுற்றுவட்டாரத்தில் எங்கே எதைத் தோண்டி எடுத்தாலும் அது அவர் வீட்டுக்கு வந்துவிடும். பெரும்பாலும் தேய்ந்த காலணாவாக இருக்கும். இது காலணா இல்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு வெள்ளி அரசிலை. பெண் குழந்தைக்கு அரைஞாண் கயிற்றில் கோத்து இடுப்புக்கு முன்னால் தொங்கவிடுவது. மண் அப்பி, கறுத்து, நுனி லேசாக மடங்கிக் கிடந்தது. அவர் நகத்தால் சுரண்டினார். ஒரு வளைவு வந்தது, பிறகு ஒரு புள்ளி. புள்ளி கண் ஆயிற்று, வளைவு முதுகு ஆயிற்று. ஒரு மீன். வால் இருக்க வேண்டிய இடத்தைக் கறுப்பு மூடியிருந்தது. அவர் சுரண்டுவதை நிறுத்திவிட்டார்.

"எந்தக் காலத்துச் சாமான் சார்?" பக்கிரிசாமி உட்காரவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவரிடம் எட்டாவது படித்தவன், இப்போது வீடு கட்டிக்கொடுக்கிற மேஸ்திரி. "டேனிஷ்காரன் காலமா இருக்குமோ? கோட்டை இந்தப் பக்கந்தானே."

"டேனிஷ்காரன் புள்ளைக்கு அரைஞாண் கட்டுனானாடா?"

"யார் கண்டா சார். நம்மூர் வெயிலுக்கு அவன் புள்ளைக்கு என்னத்தக் கட்டி வச்சிருந்தானோ."

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். ஆற்றங்கரையில், புன்னைத்தோப்பை மனை போட்டு விற்றார்களே, அதில் கடைசி மனை. தூணுக்குக் குழி எடுக்கும்போது கிடைத்ததாம். இடுப்பளவு ஆழம்கூட இல்லையாம். வேறு ஏதும் இருந்ததா என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல சார், மண்ணுதான். ஒரு சின்னச் சட்டி ஓடு கெடந்துச்சு. பாலு கீலு ஊத்துற மாதிரி" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "பழசுன்னா தாசில்தாருக்குச் சொல்லணும், வேலைய நிறுத்திப்புடுவாங்கன்னு பசங்க பயமுறுத்துறானுவ. மத்தியானம் காங்கிரீட் வண்டி வருது. பழசா புதுசான்னு அதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும். நீங்க பாத்துட்டா நிம்மதி." பார்த்துச் சொல்கிறேன், போ என்றார். மோட்டார் சைக்கிள் தெருமுனையில் திரும்பிய பிறகும் மாசிலாமணி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நம்முடையதாக இருக்காது. இதைத்தான் முதலில் நினைத்தார், நினைத்ததும் அதை நினைத்ததற்காகவே கோபம் வந்தது, ஏனென்றால் அப்படி நினைப்பதற்கு முன்னாலேயே நம்முடையது என்று எங்கோ ஓர் இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டது. மீன் முத்திரை போட்டவர்கள் மாயவரத்தில் ஒரே ஒரு குடும்பம். தாத்தா, அப்பா, மகன் மூன்று பேருமாக எத்தனை அரசிலை அடித்திருப்பார்கள். இந்தப் பக்கம் பெண் குழந்தை பிறந்த பாதி வீட்டுக்கு அங்கிருந்துதான் போயிருக்கும். ஆனால் எல்லா வீட்டுப் பெண்ணும் வளர்ந்தது, அரசிலையைக் கழற்றிப் பாவாடை கட்டியது, கழற்றியதை உருக்கிக் கொலுசு பண்ணிக்கொண்டது. மண்ணுக்குள் போகிற அரசிலை எப்படிப்பட்டது என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்களை எரிப்போம், பால் மறவாத பிள்ளையைப் புதைப்போம். ஒரு சட்டிப் பால் ஊற்றிப் புதைப்போம். அவர் மனைவி வேதவல்லி அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காம்பு ஒடிகிற சத்தம் வரவில்லை, வருகிற மாதிரி இருந்தது. அவளை இப்போது கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? நம் பிள்ளையின் அரசிலை கிடைத்திருக்கிறது, ஆகவே அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது, மத்தியானம் அவள்மேல் தூண் வைக்கப் போகிறார்கள் என்றா. இல்லையென்றால், யாருடையதோ ஒரு அரசிலை, நம் பிள்ளையுடையதாக இருக்குமோ என்று பயந்துவிட்டேன் என்றா. ஆறிப்போனதைக் கீறிவிட்டு இல்லை, இது வேறு என்று சொல்ல எவனுக்கு மனசு வரும்? ஆறிப்போனதா என்பதும் தெரியாது. அவர் கேட்டதில்லை. வாலைப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்காமல் அவர் மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

வாலைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது அவரே கண்டுபிடித்த விஷயம். கல்யாணச் சீராகக் கொடுக்கிற வெள்ளிச் சாமானில் பெயரும் தேதியும் வெட்டிக் கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். அவர் வீடு வீடாகப் போய்த் தட்டையும் தம்ளரையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தத் தேதிக்கு எந்த மீன் என்று வரைந்து வைத்திருந்தார். தாத்தா குத்திய மீன் இடது பக்கம் பார்க்கும், செதில் இருக்கும். அப்பாவும் மகனும் குத்தியது வலது பக்கம் பார்க்கிற மீன், செதில் இல்லாதது. அந்த அச்சு பிற்பாடு எப்போதோ கீழே விழுந்திருக்க வேண்டும். வாலின் கீழ்ப்பாதி தெறித்துப்போய், அதன் பிறகு பட்டறை மூடுகிற வரைக்கும் மூன்று நான்கு வருஷம் வால் உடைந்த மீனாகவே குத்தி விற்றிருக்கிறார்கள். மாசிலாமணியின் கல்யாணத் தட்டில் மீன் முழுசாக இருக்கிறது. அதற்கு அடுத்த வருஷம் மைத்துனன் கல்யாணத்துச் செம்பில் வால் இல்லை. அதற்கும் அடுத்த ஆவணியில்தான் அவருக்குப் பெண் பிறந்தது. இதையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுதி, படம் போட்டு, யாரும் படிக்காத ஒரு வரலாற்றுக் கழக மலரில் வெளியிட்டிருக்கிறார். அச்சு உடைந்த காலத்தைக் கணிக்க முடிந்திருப்பது ஆய்வாளருக்குப் பெரிய வாய்ப்பு என்று அதில் ஒரு வரி. பெரிய வாய்ப்பு. அந்த வரியை இப்போது அவர் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். முழு வால் என்றால் இது வேறு யாருக்கோ, அவருடைய பெண்ணுக்கு முன்னால் பிறந்த பெண்ணுக்குச் செய்தது. வால் உடைந்திருந்தால் அந்த மூன்று நான்கு வருஷத்துக்குள். அப்படி உடைந்திருந்து, அது இந்த ஊர் மண்ணில் இருந்து வந்திருந்தால்? மேலே போக மனம் மறுத்தது. செக்குமாடு மாதிரி அது திரும்பி முதல் இடத்துக்கே வந்தது. நம்முடையதாக இருக்காது.

எதற்காக இந்த வேலையை எடுத்துக்கொண்டோம் என்று இப்போது தோன்றியது. கேட்கிறவர்களிடம் அவர் சொல்கிற பதில் ஒன்று உண்டு: நாணயத்தில் ஆரம்பித்தது, நாணயம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை, வெள்ளிக்கு வந்தேன், முதுகைப் பார்க்க யாரும் காசு கேட்பதில்லை. சபையில் நாலு பேர் சிரிப்பார்கள். ஆனால் ஆரம்பித்த வருஷம் எது? பிள்ளை போனதற்கு அடுத்த வருஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் வேதவல்லி சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள், இவர் சட்டையை மாட்டிக்கொண்டு யார் வீட்டிலாவது வெள்ளி பார்க்கப் போய்விடுவார். வீட்டை விட்டு ஓடத்தான் போனார் என்று இதுவரை தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அதைவிட மோசமான, அல்லது மோசமில்லாத, வேறொன்று இருந்திருக்குமோ என்று பட்டது. இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாரோ? ஒரு நாள் யாராவது ஒருவன் மண்ணோடு ஒரு அரசிலையைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பான், அப்போது அதை அடையாளம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் அத்தனை முதுகையும் புரட்டிக்கொண்டிருந்தாரோ? ஒரு மனிதன் தனக்கே தெரியாமல் ஒன்றைத் தேட முடியுமா? முடியாது, இது பிற்பாடு ஜோடிக்கிற கதை, பரீட்சை முடிந்தபின் விடை தெரிந்த மாதிரி தோன்றுவது. அவர் எழுந்து ஜன்னலருகே போனார். தெருவில் மீன்காரி, "கெழங்கா மத்தியேய்" என்று கூவிக்கொண்டு போனாள், வேண்டாத நேரத்தில். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பிள்ளை போன அன்றைக்கும் பகல்தான். வெயில் நன்றாக அடித்தது. ஐந்து மாதம் ஆகப்போகிற பிள்ளை, குப்புற விழக் கற்றுக்கொண்டு திரும்ப மல்லாக்கத் தெரியாமல் அழுகிற பிள்ளை, விடியக்காலை ஜுரத்தில் கண் செருகி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வண்டியிலேயே முடிந்துபோயிற்று. அப்பாவும் பெரியப்பாவும் கூடத்தில் நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். அப்பா ஒரு புதுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பெரியப்பா கொல்லையிலிருந்து மண்வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார். அது வாசற்படியில் இடித்து ஒரு சத்தம் கேட்டது. நானும் வருகிறேன் என்று மாசிலாமணி எழுந்தார். எழுந்தாரா, எழ நினைத்தாரா? "பெத்தவன் வரக்கூடாது, நீ உள்ள போ" என்றார் அப்பா. இவர் உள்ளே போனார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. கையைப் பிடித்து யாரும் தள்ளவில்லை, கதவைச் சாத்தவில்லை. போ என்றார்கள், போனார். உள்ளே வேதவல்லி பிள்ளையை மடியில் வைத்துத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பா கையை நீட்டியபோது கொடுத்தாள். இவர் சுவரோரமாக நின்று பிள்ளையின் உள்ளங்காலைப் பார்த்தார், துணிக்கு வெளியே ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. இடம் எது என்று பெற்றவர்களுக்குச் சொல்வதில்லை. சொன்னால் அங்கேயே போய் நிற்பார்கள், அடுத்த பிள்ளை தங்காது. வேதவல்லி ஆறு மாதம் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்கப்பாகிட்ட கேளுங்க. ஒரு தடவ. தூர நின்னு பாத்துட்டு வந்துர்றேன்." கேட்கிறேன் என்பார். பிறகு அவள் கேட்பதை நிறுத்தினாள். பையன் பிறந்தான், வளர்ந்தான், இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான். அவனுக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பது தெரியும், பெயர் தெரியுமா என்பது சந்தேகம். இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. இப்போதும் அது நாக்கின் அடிவரைக்கும் வந்து நின்றது. விழுங்கிக்கொண்டார். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கேப்பா என்று மட்டும் கேட்டார். எது எங்கே என்று அப்பா கேட்கவில்லை. "மறந்துட்டுப் போகட்டும்னுதாண்டா சொல்றதில்ல" என்றார். அதற்குள் பெரியப்பா போயிருந்தார். அடுத்த மாதம் அப்பாவும் போனார்.

"ஏங்க, காபி."

கைக்குட்டையின் ஓரத்தை இழுத்து அரசிலைமேல் போட்டார். வேதவல்லி தம்ளரை மேசையில் வைத்துவிட்டு நின்றாள். "பக்கிரி வண்டிச் சத்தம் கேட்டுச்சு. என்ன, இன்னிக்கும் ஓட்டைக் காலணாவா?"

"ஆமா. அந்த மாதிரிதான்."

"மத்தியானம் கீரைக் கூட்டு போதுமா, அப்பளம் பொரிக்கவா?"

"எதுவாச்சும் செய்யி."

"எதுவாச்சும்னா? நேத்து கூட்டுல உப்பு கம்மின்னு ஒரு மணி நேரம் பேசுனவுங்க." அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். கைக்குட்டையைப் பார்த்தாளா? "மொகம் வேர்த்திருக்கு. ஃபேன் ஓடுது, வேர்த்திருக்கு. பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" போட்டேன் என்றார். போடவில்லை. அவள் போனாள். காபி ஆறியது. பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன வந்தது? மாத்திரைக்கு ஒரு பொய், காலணாவுக்கு ஒரு பொய். அவளைக் காப்பாற்றுவதற்கு என்று அவர் சொல்லிக்கொள்வார். அப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். மறந்துவிட்டுப் போகட்டும். யார் மறந்தார்கள்? அப்பா கடைசி வரைக்கும் அந்தத் துண்டை மறுபடி தோளில் போடவில்லை, கொடியிலேயே கிடந்து இற்றுப்போயிற்று. எல்லாரும் எல்லாரையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிற வீட்டில் பேசுவதற்கு உப்பும் அப்பளமும்தான் மிஞ்சும். இப்போது இவர் கையில் ஒரு வெள்ளி இருக்கிறது. அதைக் கழுவிப் பார்க்காமல் அப்படியே மடித்துக் கொடுத்து, பழசில்லை பக்கிரி, நீ வேலையைப் பார் என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். வண்டி வரும், ஊற்றும், இறுகும். மேலே ஒரு குடும்பம் வந்து பால் காய்ச்சும். பால். சட்டி ஓடு. பக்கிரி அதை எங்கே வீசினானோ. வேண்டாம், மடித்துக் கொடுத்துவிடலாம் என்று தீர்மானமே செய்துவிட்டார். தீர்மானம் செய்துவிட்டு எழுந்து, சுவாமி மாடத்துக்குப் போய்த் திருநீற்று மரவையை எடுத்துக்கொண்டு வந்தார்.

பழைய வெள்ளியைக் கழுவாதீர்கள், புளி போடாதீர்கள், கறுப்பு அதன் வயது, வயதைத் தேய்த்து எடுக்காதீர்கள் என்று ஊரெல்லாம் சொல்கிறவர் அவர்தான். பஞ்சை நனைத்துத் திருநீற்றில் தொட்டார். மண் முதலில் குழம்பாகி வழிந்தது. சாம்பல் கறுத்தது, பஞ்சு கறுத்தது, விரல்கள் கறுத்தன, அரசிலை மட்டும் விடாமல் கறுப்பாகவே இருந்தது. பிறகு ஓரத்தில் ஒரு கீற்று வெளுத்தது. வாலுக்குப் போகாமல் ஓரங்களிலேயே தேய்த்துக்கொண்டிருந்தார். அதற்கென்ன அவசரம். காம்பில் கயிறு கோக்கிற வளையம், அது தேய்ந்திருக்கவில்லை. அதிக நாள் கட்டப்படாதது. நடுவில் நரம்புக்கு ஒரு கோடு, இரண்டு பக்கமும் கிளைக்கோடுகள். அவர் வாங்கியதில் இப்படி இருந்ததா? ஞாபகப்படுத்திப் பார்த்தார். மாயவரத்தில் கடைத்தெருவுக்குப் பின்னால் அந்தப் பட்டறையில் போய் நின்றது ஞாபகம் இருக்கிறது, பத்தர் தராசுத் தட்டை ஊதித் துடைத்தது ஞாபகம் இருக்கிறது, "பொண்ணா சார், லட்சுமி" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. இலையில் நரம்பு இருந்ததா இல்லையா என்பது இல்லை. ஊர் வெள்ளியெல்லாம் நினைவிருக்கிற மூளைக்கு அது மட்டும் இல்லை. அப்போது அவர் முதுகைப் பார்க்கிற ஆள் இல்லை. முகத்தையாவது பார்த்திருக்கலாம். குளிப்பாட்டித் தரையில் விரித்த துணியில் போட்டால் அது கால்களை உதைக்கும், உதைக்கும்போது இந்த இலை வயிற்றில் தட்டித் தட்டி ஒரு சின்னச் சத்தம். அது ஞாபகம் இருக்கிறது. நெற்றியில் இதே திருநீற்றை விரலால் இழுப்பாள் வேதவல்லி, அது மூக்கில் விழுந்து பிள்ளை தும்மும். போதும். போதும் என்று சொல்லிக்கொண்டு பஞ்சை மீன்மேல் வைத்து அழுத்தித் தேய்த்தார். துடைத்தார். லென்ஸை எடுத்தார். லென்ஸுக்குள் மீன் நீந்துகிற மாதிரி போயிற்று. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டார்.

வாலின் கீழ்ப்பாதி இல்லை.

தெறித்த இடம் அவர் வரைந்து வைத்த இடம்தான். உடைசலில் ஒரு சின்ன முள் போல நீட்டிக்கொண்டிருக்கும், கட்டுரையில் அதற்கும் ஒரு படம் போட்டிருந்தார். அந்த முள்ளும் இருந்தது. தான் சரியாகக் கணித்ததில் ஒரு கணம் அவருக்குச் சந்தோஷம் வந்தது. வந்தே விட்டது, அதைத் தடுக்க முடியவில்லை. அதன் பிறகுதான் லென்ஸைக் கீழே வைத்தார். அப்படியானால் ஆற்றங்கரை. புன்னைத்தோப்பு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வனபோஜனத்துக்கு அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார், தூக்குச் சட்டியைத் திறந்து தயிர் சாதம் சாப்பிட்டிருக்கிறார், மிச்சச் சோற்றைக் காக்கைக்குப் போட்டிருக்கிறார். எந்த மரத்தடியில்? கடைசி மனை எந்தப் பக்கம், ஆற்றுப் பக்கமா சாலைப் பக்கமா? வேதா, என்று கூப்பிட்டார். குரல் வரவில்லை. அடுத்த தடவை கூப்பிட்டபோது, வேண்டிய அளவைவிட உரக்க வந்துவிட்டது. அவள் ஈரக்கையோடு ஓடிவந்தாள், நெஞ்சு வலியோ என்று பயந்த முகத்தோடு.

"ஒண்ணும் இல்ல. உட்காரு."

அவள் உட்காரவில்லை. வெளுத்துக் கிடந்த அரசிலையைப் பார்த்துவிட்டாள். அவர் பேச ஆரம்பித்தார். பாடம் நடத்துகிற மாதிரிதான் வந்தது. இது மாயவரத்துப் பட்டறை, இது மீன் முத்திரை, அச்சு உடைந்த வருஷம் இது என்று சொல்லிக்கொண்டே போனார். சொல்ல வேண்டியது அடுத்த வாக்கியத்தில் இருந்தது, அதற்கு முன்னால் இன்னொரு வாக்கியம், அதற்கு முன்னால் இன்னொன்று என்று வைத்துக்கொண்டே போனார்.

"எங்க கெடைச்சுது?" என்று அவள் இடையில் கேட்டாள்.

"ஆத்தங்கரையில. புன்னைத்தோப்பு மனையில குழி எடுக்கையில." பிறகு, "நம்மளோடதுதான் வேதா" என்றார்.

வேதவல்லி அதைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தார். தான் எழுந்து போக வேண்டும், இந்தத் தடவையாவது எழுந்து போக வேண்டும் என்று நாற்காலியின் கையைப் பிடித்தார். உள்ளே பீரோ திறக்கிற கிறீச் சத்தம் கேட்டது. எதையோ நகர்த்தினாள். பீரோ மூடியது. அவள் திரும்பி வந்து ஒரு சின்ன சீட்டித் துணி முடிச்சை மேசைமேல் வைத்து அவிழ்த்தாள். உள்ளே இன்னொரு அரசிலை. தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி இருந்தது.

"நம்மளோடது இங்க இருக்கு" என்றாள்.

மாசிலாமணி இரண்டையும் பார்த்தார்.

"அன்னைக்கு மாமா வந்து வாங்குறதுக்கு முன்னாடி கழட்டிட்டேன். துணி சுத்துற மாதிரி கழட்டிட்டேன். ஏதாச்சும் ஒண்ணு எங்கிட்ட வேணும்னு இருந்துச்சு. அத்தைக்குத் தெரிஞ்சா ஆகாதும்பாங்க, புள்ள சாமான வீட்ல வைக்கக் கூடாதும்பாங்க."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கவே இல்லியே." குற்றம் சொல்கிற குரலில் இல்லை அது. "நீங்க ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம யார் யார் வீட்டு வெள்ளியையோ பாக்கப் போவீங்க. நான் இத எடுத்து வச்சுப் பாத்துக்கிட்டு இருப்பேன். நீங்க வர்ற சத்தம் கேட்டதும் உள்ள வச்சுருவேன்."

பழக்கம் கையை விடவில்லை. அவர் அதை எடுத்துப் புரட்டினார். மீன். கண் தேய்ந்து போயிருந்தது, அவ்வளவு தேய்த்திருக்கிறாள். வாலின் கீழ்ப்பாதி இல்லை. உடைசலில் அதே முள். இரண்டு மீன்களும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் கண்டுபிடித்ததில் ஒரு தப்பும் இல்லை: பட்டறை சரி, அச்சு சரி, வருஷம் சரி. பிள்ளை மட்டும் வேறு. இத்தனை வருஷமாக ஊர் ஊராகப் போய்த் தேடிய முதுகு அவருடைய பீரோவுக்குள், அவருடைய வேட்டிக்கு அடியில் இருந்திருக்கிறது. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று மூக்கு வழியாக வந்தது. பையிலிருந்து கைக்குட்டையை எடுக்கப் போனார். மேசையில் கிடந்தது பக்கிரியுடையது, அதில்தான் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இது யாரோடது?" என்றாள் வேதவல்லி.

"தெரியல. ஆனா இந்த ஊருதான். அதே ஒண்ணு ரெண்டு வருஷம்."

"அந்தப் புள்ளையப் பெத்தவளுக்கும் எடத்தச் சொல்லியிருக்க மாட்டாங்க." அவள் இப்போதுதான் அந்த மற்ற இலையைத் தொட்டாள், மடங்கியிருந்த நுனியைக் கட்டைவிரலால் நிமிர்த்தப் பார்த்தாள். "கழட்ட மனசு வரல அவளுக்கு. அப்படியே கட்டி அனுப்பியிருக்கா பாருங்க. நான் வெறும் இடுப்போட அனுப்புனேன்." விரலை எடுத்துக்கொண்டாள். "அங்க ஒரு புள்ளையத்தான் கொண்டுபோயிருப்பாங்களா?"

அவருக்கும் அதே கேள்விதான் வந்து நின்றது, அவள் வாயிலிருந்து கேட்ட பிறகுதான் அது தனக்குள் இருந்தது தெரிந்தது. ஒரு வீட்டுக்காரர் மண்வெட்டியோடு போன இடத்துக்கு அந்தக் காலத்தில் எல்லா வீட்டுக்காரரும்தான் போயிருப்பார்கள். ஊரை விட்டு ஒதுங்கி, நிழலாக, மண் இளக்கமாக இருக்கிற இடம் வேறு எது? அப்பா வெயிலில் நடந்து வந்து கிணற்றடியில் கால் கழுவியபோது விரலிடுக்கில் மணல் ஒட்டியிருந்தது. ஆற்று மணல். அதைப் பார்த்திருக்கிறார். பார்த்து இத்தனை வருஷம் அது என்னவென்று யோசிக்காமல் வைத்திருந்திருக்கிறார். "இருக்கலாம்" என்றார். "நிச்சயமாச் சொல்ல முடியாது வேதா. இருக்கலாம்."

"நிச்சயம் எனக்கு எதுக்கு" என்றாள் அவள். இரண்டு இலைகளையும் எடுத்து முந்தானை முனையில் வைத்து முடிந்தாள். அடுப்படிக்குப் போய் அடுப்பை அணைத்தாள். செருப்பைத் தேடுகிற சத்தம் வாசற்பக்கம் கேட்டது.

மேசைமேல் போன் அதிர்ந்தது. பக்கிரிசாமி.

"சார், வண்டி வந்துட்டு. என்ன சார், பழசா புதுசா?" பின்னால் காங்கிரீட் வண்டியின் உருளை சுற்றுகிற உறுமலில் அவன் கத்திப் பேசினான்.

"புதுசுதான் பக்கிரி."

"அப்பாடி. வயித்துல பால வார்த்தீங்க. அப்ப ஊத்தச் சொல்லிரவா?"

"ஊத்தாத. நாங்க வர்றோம்."

"நாங்கன்னா, வேற யாரு சார்? தாசில்தாரா?"

"நானும் உங்க டீச்சரம்மாவும்." எல்லாப் பழைய மாணவனும் வேதவல்லியை அப்படித்தான் கூப்பிடுவான், அவள் ஒரு நாளும் எங்கேயும் பாடம் நடத்தியதில்லை.

"புதுசுன்னுட்டீங்க. அப்புறம் என்ன சார்? இந்த வண்டிய நிறுத்தி வச்சா உள்ளயே இறுகிப்போயிரும், டிரைவர் என்னத் தின்னுருவான்."

வாசலில் வேதவல்லி செருப்பு மாட்டிக்கொண்டு, முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். வெயில் அன்றைக்கு அடித்த மாதிரியேதான் அடித்தது. அவர் எழுந்தார். எழுந்துதான் இருக்கிறோமா என்று ஒரு தரம் கீழே தன் கால்களைப் பார்த்துக்கொண்டார்.

"எம் பொண்ணு அங்க இருக்கலாம் பக்கிரி" என்றார். காலையிலிருந்து விழுங்கிக்கொண்டே இருந்தது, இந்தத் தடவை விழுங்கவில்லை. "தையல்நாயகின்னு பேரு."

வாசலில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். போனில் கொஞ்ச நேரம் உறுமல் மட்டும் கேட்டது. பிறகு பக்கிரிசாமி யாரையோ அதட்டுகிற குரல் தூரத்தில் கேட்டது, உருளை சுற்றுவது நின்றது.